மறைத்தலும் அழித்தலும்

நோன்பு மாதம் பிறப்பதற்கு முன் பள்ளிவாசலுக்கு வெள்ளையடிப்பது நம் ஊர்களில் நெடுநாளைய வழக்கம். சுண்ணாம்பை நீற்றி, வடிகட்டி, சிறிது நீலம் கலந்து, நார்மட்டையால் சுவரெங்கும் பூசுவார்கள். வீடுகளிலும் பெருநாளோ திருமணமோ நெருங்குகையில் அதே வேலைதான். பூச்சின்மேல் பூச்சாக ஏறிய அந்தச் சுண்ணாம்பு, பழைய சுவர்களில் தகடு தகடாகத் தடித்திருப்பதை நாம் கண்டிருக்கிறோம். திண்ணைச் சுவரில் சாய்ந்து அதனை நகத்தால் சுரண்டிப் பார்க்காத பிள்ளைகள் குறைவு. ஒரு செதில் உதிர்ந்தால் உள்ளே வெளிர்நீலம் தெரியும். மற்றொன்று உதிர்ந்தால் காவி தெரியும். அதற்கும் உள்ளே யாரோ கரிக்கட்டியால் எழுதிவைத்த கூட்டல் கணக்கொன்று பாதியளவில் தலைகாட்டும். "சுவரைப் பாழாக்காதே" என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். கையை எடுத்துவிடுவோம். ஆயினும், நம் கண்ணுக்குத் தெரியும் சுவருக்குள்ளே நாம் காணாத வேறொரு சுவர் இருக்கிறது என்ற வியப்பு மட்டும் உள்ளத்தில் தங்கிவிடும்.

அந்த வியப்பு வயது ஏற ஏற ஒரு வினாவாக மாறுகிறது. நமக்கு முன் வாழ்ந்தவர்கள் விட்டுச்சென்ற கட்டடம் நம் கைக்கு வருகிறது. அதில் நமக்கு உவப்பானவையும் உண்டு. நம் மனச்சான்று ஏற்காதவையும் உண்டு. உவப்பானவற்றைக் காப்பதில் பெருமை ஏதும் இல்லை. ஏற்காதவற்றை என் செய்வது? இடித்துத் தள்ளுவதா, மூடிவைப்பதா, இருந்தபடியே விட்டுவிடுவதா? இது கட்டடத்தோடு முடிந்துபோகும் வினா அன்று. குடும்பத்தில் வழிவழி வந்த பழக்கம், முன்னோர் எழுதிவைத்த ஏடு, ஊர் காத்துவரும் நினைவு ஆகிய எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

இவ்வினாவுக்கு விடை காண முயலுங்கால், இங்கிலாந்தின் சிறிய ஊர் ஒன்றில் நிற்கும் பழைய கட்டடமொன்று நமக்குப் பெரிதும் துணைசெய்கிறது. அவ்வூரின் பெயர் நமக்குப் புதிதன்று; பள்ளிப் பாடங்களிலேயே படித்திருக்கிறோம். ஏவன் ஆற்றங்கரையில் உள்ள ஸ்ட்ராட்போர்டு அது. நாடகப் புலவர் ஷேக்ஸ்பியர் பிறந்த ஊர்.

★

அவ்வூரில் நடுக்காலத்தில் திருச்சிலுவைச் சங்கம் என்றோர் அமைப்பு இருந்தது. ஊரிலுள்ள வணிகரும் கைவினைஞரும் சந்தா செலுத்தி அதில் உறுப்பினராயினர். இறந்தோருக்காக வழிபாடு நடத்துவது, நலிந்த உறுப்பினருக்கு உதவுவது, பிள்ளைகளுக்குக் கல்வி தருவது, ஆண்டுக்கொருமுறை கூடி விருந்துண்பது ஆகியவை அதன் பணிகள். 1269ஆம் ஆண்டில் வூஸ்டர் நகர ஆயரின் அனுமதி பெற்று அச்சங்கத்தார் ஒரு சிற்றாலயத்தையும் ஏழையர் இல்லத்தையும் நிறுவினர். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆலயத்தையொட்டி மரச்சட்டங்களால் ஆன சங்க மண்டபம் எழுந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில், அவ்வட்டாரத்தில் பிறந்து இலண்டன் மாநகரில் பொருளீட்டி 1491இல் அம்மாநகரின் மேயராகவும் உயர்ந்த ஹ்யூ க்ளாப்டன் என்பவர் அவ்வாலயத்தின் பெருங்கூடத்தைப் புதுப்பித்தார். ஏவன் ஆற்றின்மீது பதினான்கு வளைவுகள் கொண்ட கற்பாலத்தைக் கட்டித்தந்தவரும் அவரே. 1496இல் அவர் இறந்தார்.

அவ்வாலயத்தின் சுவர்களெல்லாம் ஓவியங்களால் நிறைந்தன. அவை ஈரச்சுவரில் தீட்டப்பட்டு அதனோடு ஒன்றிப்போகும் இத்தாலிய வகையினவல்ல. உலர்ந்த சுண்ணச் சுவரின்மேல் செங்காவி, மஞ்சட்காவி, கரி போன்ற வண்ணங்களைக் கொண்டு தீட்டப்பட்டவை; ஆகவே எளிதில் உதிரக்கூடியவை. பலிபீடப் பகுதிக்கு முன்னுள்ள பெருவளைவின் மேலே இறுதித் தீர்ப்பு நாளின் காட்சி விரிந்தது. நடுவே வானவில்லின்மீது நீதி வழங்க ஈசா நபியின் உருவம். கீழே புதைகுழிகள் பிளந்து மாந்தர் எழும் காட்சி. ஒருபுறம் சுவனத்தின் மாளிகை, மறுபுறம் வாய்பிளந்து நிற்கும் நரகம். பெருங்கூடத்துச் சுவரில் மரணத்தின் நடனம் என்னும் ஓவியவரிசை இருந்தது. போப்பாண்டவர் முதல் பேரரசர் வரை, அவர்களுக்கும் கீழே எளிய குடிமக்கள் வரை ஒவ்வொருவரையும் எலும்புருவம் ஒன்று கைப்பற்றி அழைத்துச் செல்லும். எவருக்கும் அதில் விலக்கில்லை.

எழுத்தறியாத மக்களுக்கு அச்சுவரே நூலாக இருந்தது. ஜனாஸாவைத் தோளில் சுமந்து செல்லுங்கால் நம் உள்ளத்தில் என்ன நினைவு எழுகிறதோ, அதே நினைவை அச்சுவரைக் கண்டோரும் எய்தியிருப்பார்கள். அவர்கள் தெரிந்தெடுத்த வடிவத்தை நாம் ஏற்பவர்களல்லர். வணக்கத்தலத்தில் உருவங்களுக்கு இடமில்லை என்பது நம் கொள்கை. ஆனால் அவ்வடிவம் சொல்லவந்த செய்தி நமக்கு அந்நியமானதா? மன்னனும் மண்ணுக்கே உரியவன், ஒவ்வோர் உயிரும் கணக்குக் கொடுக்க எழுப்பப்படும் என்பதை நம்முள் மறுப்பார் யார்?

★

காலம் மாறிற்று. எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில் இங்கிலாந்து போப்பாண்டவரின் தலைமையிலிருந்து பிரிந்தது. அவருடைய மகன் ஆறாம் எட்வர்டின் ஆட்சியில் 1547இல் இத்தகைய சங்கங்கள் ஒழிக்கப்பட்டு, அவற்றின் சொத்துகள் அரசுடைமையாயின. 1553இல் அரச பட்டயம் ஒன்றின் வழியே ஸ்ட்ராட்போர்டு நகரமன்றம் அமைக்கப்பட்டது. சங்கத்தின் ஆலயமும் மண்டபமும் பள்ளியும் ஏழையர் இல்லங்களும் அம்மன்றத்தின் கைக்கு வந்தன.

வக்பு சொத்துகளைப் பற்றி அறிந்த நம் வாசகர்கள் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். இறந்தோருக்கான வழிபாட்டுக்கென ஒருவர் கொடுத்த நிலம், அவ்வழிபாடே தவறென்று கூறும் மற்றொரு தலைமுறையின் கையில் சேர்கிறது. கொடுத்தவர் எண்ணம் ஒன்று. பெற்றவர் நம்பிக்கை வேறொன்று. இந்நிலையில் ஸ்ட்ராட்போர்டு நகரமன்றத்தார் செய்தது யாது? ஏழையர் இல்லங்களைத் தொடர்ந்து நடத்தினார்கள். சங்கத்தின் கல்விப் பணி புதுப்பெயர் பெற்ற பள்ளியாகத் தொடர்ந்தது. மண்டபத்தின் கீழ்த்தளத்தில் மன்றம் கூடிற்று. 1560களின் இறுதியில் ஊரூராகச் செல்லும் நாடகக் குழுவினர் அங்கே நடிக்கவும் செய்தனர். மேல்தளத்தில் பிள்ளைகள் இலத்தீன் படித்தனர். அப்பிள்ளைகளுள் ஷேக்ஸ்பியரும் ஒருவர் என்பது அறிஞர்களின் பொதுக் கருத்து. வழிபாட்டு முறை மாறியபோதும் அறம் அறுந்துபோகாதபடி பார்த்துக்கொண்டனர். இது பாராட்டுக்குரியது.

ஓவியங்கள் மட்டும் எஞ்சி நின்றன. எலிசபெத் அரசியார் அரியணை ஏறிய பின் 1559இல் அரச ஆணை ஒன்று பிறந்தது. பொய்யென்று கருதப்பட்ட அற்புதங்களையும் புனித யாத்திரைகளையும் நினைவூட்டும் உருவங்களைச் சுவர்களிலிருந்தும் கண்ணாடிச் சாளரங்களிலிருந்தும் நினைவே எஞ்சாதவாறு போக்கிவிட வேண்டும் என்பது அதன் கருத்து. ஸ்ட்ராட்போர்டு மன்றம் உடனே விரைந்துவிடவில்லை. சில ஆண்டுகள் கழிந்தன. 1564ஆம் ஆண்டு ஜனவரியில் மன்றத்தின் முன் வைக்கப்பட்ட கணக்கேட்டில், ஆலயத்திலுள்ள உருவங்களைச் சிதைத்த வகையில் இரண்டு ஷில்லிங் செலவு என்றொரு வரி காணப்படுகிறது. கைதேர்ந்த கொத்தனார் ஒருவரின் சில நாட் கூலிதான் அத்தொகை. அக்கணக்கைப் பொறுப்பேற்று நடத்தியவர் ஜான் ஷேக்ஸ்பியர். கையுறை தைத்து விற்கும் தொழிலினர். மூன்று மாதம் கழித்து ஏப்ரல் 26ஆம் நாள் அவருடைய மகன் வில்லியமுக்கு ஞானஸ்நானம் நடந்தது.

ஏடு சிதைத்தோம் என்று கூறுகிறது. ஆனால் சுவரோ வேறு சாட்சியம் சொல்கிறது. ஓவியங்கள் பெரும்பாலும் கொத்தப்படவில்லை, சுரண்டப்படவில்லை. வெறும் சுண்ணாம்பு பூசி மூடப்பட்டிருந்தன. நினைவே எஞ்சாதவாறு போக்க வேண்டும் என்பது ஆணை. நினைவைப் பத்திரமாக உள்ளே வைத்துப் பூட்டியது போலாயிற்று நிகழ்ச்சி!

அவர் ஏன் அவ்வாறு செய்தார்? பழைய நம்பிக்கையின்பால் அவருக்கு இரகசியப் பற்று இருந்தது என்பர் சிலர். சுண்ணாம்பு மலிவு, சுவரைக் கொத்தினால் மறுபடியும் பூச வேண்டிய செலவு வரும் என்ற சிக்கனமே காரணம் என்பர் வேறு சிலர். மனிதனின் உள்ளத்தை அறிந்தவன் இறைவன் ஒருவனே. அத்தீர்ப்பில் நாம் தலையிட வேண்டியதில்லை. செயலை மட்டும் எடுத்துக்கொள்வோம். அச்செயல் தன்னுள்ளே ஓர் அறத்தைத் தாங்கி நிற்கிறது.

★

அவ்வறம் யாது? அழிப்பவனுக்கும் மறைப்பவனுக்கும் உள்ள வேறுபாட்டில் அது அடங்கியிருக்கிறது.

அழிப்பவன், "இதைப் பற்றிய இறுதித் தீர்ப்பை நானே கூறிவிட்டேன், எனக்குப் பின் வருவோர் எவரும் இதை மறுமுறை விசாரிக்க வேண்டியதில்லை" என்று கூறுகிறான். வாயால் கூறாவிட்டாலும் கையால் கூறுகிறான். மறைப்பவன், "என் மனச்சான்றுப்படி இது என் கண்முன் இருக்கலாகாது, ஆயினும் நான் தவறக்கூடியவன், எனக்குப் பின்னால் வருவோரும் அறிவுடையோர்" என்று ஒப்புக்கொள்கிறான். தன் கொள்கையில் அவன் விட்டுக்கொடுக்கவில்லை. பிறர் வருவதற்கு வழியை மட்டும் அடைக்காமல் விடுகிறான். கொள்கையுறுதியும் பணிவும் ஒருசேர இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

நம் வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. இஸ்தான்புல் நகரின் அயா சோபியா 537ஆம் ஆண்டு தேவாலயமாகத் திறக்கப்பட்டது. 1453இல் சுல்தான் முஹம்மது பாத்திஹ் அந்நகரை வென்றபின் அது பள்ளிவாசல் ஆயிற்று. அதன் சுவர்களில் பொற்சில்லுகளைப் பதித்துச் செய்த உருவங்கள் பல இருந்தன. அவை அனைத்தும் ஒரே நாளில் உடைத்தெறியப்பட்டன என்று எண்ணுவோர் இன்றும் உளர். நடந்தது அதுவன்று. அவற்றுட் பல நூற்றாண்டுகளில் படிப்படியாகச் சுண்ணப் பூச்சால் மூடப்பட்டன. சில நெடுங்காலம் வரை கண்ணுக்குத் தெரிந்தபடியே இருந்தன. 1847 முதல் 1849 வரை சுல்தான் அப்துல் மஜீதின் ஆணைப்படி அக்கட்டடத்தைப் பழுதுபார்த்த பொசாட்டி சகோதரர்கள், பூச்சுக்குள் இருந்தவற்றைத் திறந்து, தூய்மைசெய்து, படம் வரைந்துகொண்டு, மறுபடியும் மூடினார்கள். தொழுகைக்கூடமாக விளங்கும் இடத்தில் உருவங்கள் வெளிப்பட்டிருக்கலாகாது என்பதும் நிறைவேறிற்று, உருவங்களும் அழியவில்லை. 1931 முதல் அமெரிக்க அறிஞர் விட்டமோரின் குழுவினர் அவற்றை மீண்டும் வெளிக்கொணர்ந்தனர். 1935இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்ட அக்கட்டடம் 2020இல் மீண்டும் பள்ளிவாசல் ஆனபோது, கிப்லாத் திசையிலிருந்த உருவங்களை மறைக்கத் திரைச்சீலைகளே போதுமானவையாயின. முன்னோர் மூடிவைத்ததால்தான் பின்னோர் திறக்கவும் முடிந்தது, திரையிடவும் முடிந்தது.

இறைவனைச் "சத்தார்" என்றும் நாம் அழைக்கிறோம். அடியார்களின் குறைகளை மறைப்பவன் என்பது அதன் பொருள். அப்துல் சத்தார் என்று பிள்ளைகளுக்குப் பெயரும் சூட்டுகிறோம். நம்முடைய குற்றங்களுக்காக நம்மை அழித்துவிடாமல் அவன் மறைத்து வைத்திருப்பது ஏன்? திருந்துவதற்கும் திரும்புவதற்கும் இடம் தருவதற்காகவே அன்றோ? மறைத்தல் என்னும் செயலுக்கு அருளின் சாயல் உண்டு. அழித்தலுக்கோ அச்சாயல் கிடையாது.

★

எனினும், மறைத்தலெல்லாம் அறம் என்று நாம் கூறிவிடலாகாது. அது அபாயமான கருத்தாக முடியும். கூட்டாளிக்குச் சேரவேண்டிய பங்கைக் கணக்கில் மறைப்பவன் இருக்கிறான். உடன்பிறந்தாளுக்கு உரிய சொத்துப் பத்திரத்தைப் பெட்டியின் அடியில் மறைப்பவன் இருக்கிறான். அவர்களும் சுண்ணாம்பு பூசுகிறவர்களே! பிறர் குறையை மறைப்பது ஒன்று, பிறர் உரிமையை மறைப்பது மற்றொன்று. நாளை உரியவர் வந்து கேட்டால் எடுத்துக்கொடுக்கத்தக்க வகையில் மூடிவைத்தோமா, கேட்கவே முடியாதபடி மூடினோமா என்பதைக் கொண்டே மறைத்தலின் தன்மையை நாம் அளவிட வேண்டும். முன்னது அமானிதத்தின் இயல்பு. பின்னது மோசடியின் இயல்பு.

இனி, மூடியதைத் திறப்பவனுக்கும் பொறுப்பு உண்டு என்பதை ஸ்ட்ராட்போர்டின் பிற்கால வரலாறு நமக்குக் காட்டுகிறது. 1804இல் ஆலயத்தைப் பழுதுபார்த்தபோது சுண்ணாம்பு பெயர்ந்து ஓவியங்கள் வெளிப்பட்டன. இருநூற்று நாற்பது ஆண்டுகள் இருளில் கிடந்தவை வெளிச்சம் கண்டன. தாமஸ் பிஷர் என்னும் பழம்பொருள் ஆர்வலர் அவற்றைப் பார்த்து வரைந்து, 1807 முதல் பதிப்பித்தார். ஊர் வியந்தது. ஆனால் அவ்வோவியங்களின் கதி என்னவாயிற்று? சில மீண்டும் பூசி மூடப்பட்டன, சில அழிந்தொழிந்தன. இன்று அவற்றுட் பலவற்றைப் பிஷர் வரைந்த படங்களில் மட்டுமே நாம் காண முடியும். பகைத்தவர்களின் கையிலிருந்து தப்பியவை, வியந்தவர்களின் கையில் மடிந்தன!

இது கசப்பான பாடம். வெறுப்பு மட்டுமே அழிக்கும் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அக்கறையற்ற ஆர்வமும் அழிக்கும். திறந்து பார்க்கும் ஆசை இருக்கிறது. திறந்தபின் காக்கும் பொறுமை இல்லை. உலர்ந்த சுவரில் தீட்டிய வண்ணம் காற்றுக்கும் ஈரத்துக்கும் தாங்காது. மேலே படிந்த சுண்ணாம்பைக் கூர்ங்கத்தியால் அணு அணுவாக நீக்க வேண்டும். அத்தகைய பொறுமை இருபதாம் நூற்றாண்டில்தான் வந்து சேர்ந்தது. தீர்ப்பு நாளின் ஓவியம் மறுபடியும் வெளிக்கொணரப்பட்டது. மரத்தடுப்புகளுக்குப் பின்னால் மரணத்தின் நடனத்தின் எச்சங்கள் கண்டறியப்பட்டன. 2016ஆம் ஆண்டையொட்டி, எஞ்சியவற்றைப் பாதுகாக்கும் பணி முறைப்படி நடந்தது. அக்கட்டடம் வெறும் காட்சிப்பொருளாகவும் ஆகிவிடவில்லை. அடுத்துள்ள பள்ளியின் மாணவர்கள் அவ்வாலயத்தில் இன்றும் கூடுகிறார்கள். ஏழையர் இல்லங்களில் முதியோர் இன்றும் வாழ்கிறார்கள்.

மரணத்தின் நடனத்தை வரைந்தவரும் மறைந்தார். அதை மூடச் சொன்ன அரசியும் மறைந்தார். இரண்டு ஷில்லிங் கொடுத்தவரும் மறைந்தார். புகழுலகை ஆண்ட அவர் மகனும் 1616இல் மறைந்தார். அச்சுவர் சொன்ன செய்தியை அச்சுவரோடு தொடர்புடைய ஒவ்வொருவரும் தம் வாழ்வால் மெய்ப்பித்துச் சென்றிருக்கின்றனர். சுண்ணாம்பு பூசி மறைக்க முடியாத உண்மை அது ஒன்றுதான்.

★

இவற்றையெல்லாம் எண்ணிப்பார்த்தபின், நம் ஊர்களைத் திரும்பிப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது. கடற்கரைப் பட்டினங்களில் நம் முன்னோர் எழுப்பிய கல் பள்ளிவாசல்கள் உள்ளன, காரை வீடுகள் உள்ளன, மதரஸாக்கள் உள்ளன. தூண்களின்மேல் எண்ணெய்ச் சாயம் பூசுகிறோம். கல்வெட்டின்மேல் சலவைக்கல் பதிக்கிறோம். இடம் போதவில்லை என்று இடித்துவிட்டுக் காங்கிரீட்டில் கட்டுகிறோம். தொழுவோர் பெருகும்போது இடம் பெருக்கத்தான் வேண்டும். பழமைக்காக மக்களை வெயிலில் நிறுத்த முடியாது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இடிப்பதற்கு முன் அக்கல்வெட்டைப் படித்தவர் யார்? அதில் எவர் பெயர் இருந்தது, எந்த நிலம் எழுதிவைக்கப்பட்டிருந்தது, எந்த ஆண்டு பொறிக்கப்பட்டிருந்தது என்று ஒரு தாளிலேனும் குறித்துக்கொண்டோமா? ஊரில் மூத்தவர் ஒருவரை அழைத்துக் கேட்டோமா?

நாம் ஏற்காத ஒன்றை மூடிவைத்தவர்களைப் பற்றி இதுகாறும் பேசினோம். ஜான் ஷேக்ஸ்பியர் தமக்கு ஆகாதென்று ஆணையிடப்பட்டதைக் காத்தார். நாமோ நமக்கு முழுமையாக உரியதை, நாம் மனமார ஏற்பதை, பகையின்றியே அழித்துக்கொண்டிருக்கிறோம். பிஷர் காலத்து மக்களுக்கு வியப்பேனும் இருந்தது. நமக்கு அதுவும் இல்லாமற் போயிற்று.

கட்டடத்திற்கு உரிமையாளர் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் நாம் அதன் ஒரு பூச்சு மட்டுமே. நமக்குக் கீழே பல பூச்சுகள் உள்ளன. நமக்கு மேலேயும் பல பூச்சுகள் வரும். கீழே இருப்பதைத் தாங்கி நிற்பதும், மேலே வருவதற்கு இடம் தருவதும் நம் கடமை. பின்னாளில் யாரோ ஒரு பிள்ளை திண்ணையில் சாய்ந்து நகத்தால் சுரண்டும். நம்முடைய பூச்சு உதிரும்போது, அதற்குள்ளே அப்பிள்ளை காண்பதற்கு ஏதேனும் எஞ்சியிருக்க வேண்டும்.